டேலிபிரைம் எடிட் லாக்: பதிவு இருக்கிறது, அதில் நிற்கும் பெயர் யாருடையது?

ஒரு பர்ச்சேஸ் வவுச்சர் 48,500 ரூபாய்க்குப் போடப்படுகிறது. மூன்று வாரம் கழித்து அதே வவுச்சரில் தொகை 84,500 ஆகிறது. கணக்கு மென்பொருளான டேலிபிரைமில், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் எடிட் லாக்கைத் திறந்தால் பழையதும் புதியதும் வந்து நிற்கும். எந்தத் தொகை மாறியது, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் தெரியும். பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அட்மின்’ என்று இருக்கும். அந்த அட்மின் பாஸ்வேர்டு அலுவலகத்தில் நான்கு பேருக்குத் தெரியும் என்றால் என்ன நடந்தது என்பது மட்டும்தான் கையில் மிஞ்சும். யார் செய்தார் என்று கேட்டால் நான்கு பேரும் அடுத்தவரைக் காட்டலாம், நான்கு பேர் சொல்வதையும் மறுக்க முடியாது.

எடிட் லாக் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘ஆன் பண்ணியாச்சா?’ என்ற ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்த மதிப்பீடு லாக்கை மட்டும் தனியாகப் பார்க்காமல், அதற்குப் பெயரைக் கொடுக்கும் யூசர் அமைப்பையும் சேர்த்துப் பார்க்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மாற்றத்தைப் பதிவு செய்யும் வேலையை டேலிபிரைம் நன்றாகச் செய்கிறது. அந்தப் பதிவை வைத்து ஒருவரைப் பொறுப்பாக்க முடியுமா என்பது நிறுவும் அன்று யார் யாருக்கு எந்த ரோல் (எதைச் செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பு) கொடுத்தீர்கள், டேட்டா ஃபோல்டரை யாருக்குத் திறந்துவிட்டீர்கள் என்ற இரண்டிலும் இருக்கிறது.

சட்டம் எதைக் கேட்கிறது

கம்பெனிகள் (கணக்குகள்) விதிகள் 2014-இன் மூன்றாவது விதியில் 2021 மார்ச் 24 அன்று ஒரு திருத்தம் வந்தது. கணக்குக்குப் பயன்படுத்தும் மென்பொருள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஆடிட் டிரெயில் (தணிக்கைக்கான தடம்) வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு எடிட் லாக்கில் பதிய வேண்டும், அதை நிறுத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்கிறது அந்தத் திருத்தம். இரண்டு முறை தள்ளிப்போடப்பட்டு, 2023 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பிரைவேட் லிமிடெட், பப்ளிக் லிமிடெட், ஒரு நபர் கம்பெனி, லாப நோக்கமற்ற எட்டாம் பிரிவுக் கம்பெனி எல்லாவற்றுக்கும் பொருந்தும். தனிநபர் தொழில், பார்ட்னர்ஷிப், எல்எல்பி இதற்குள் வராது.

விதியின் வாசகத்தைக் கவனியுங்கள். மாற்றம் செய்த தேதி வேண்டும் என்று சொல்கிறது. மாற்றியவரின் பெயர் வேண்டும் என்று அந்த வரியில் இல்லை. பல கம்பெனிகள் இங்கேதான் திருப்தியாகி நின்றுவிடுகின்றன. ஆனால் ஆடிட்டர் தம் அறிக்கையில் கம்பெனிகள் (தணிக்கை மற்றும் தணிக்கையாளர்கள்) விதிகளின் விதி 11(ஜி)-இன்படி லாக் ஆண்டு முழுவதும் இயங்கியதா, எல்லாப் பரிவர்த்தனைக்கும் இயங்கியதா, யாரும் அதில் கை வைக்கவில்லையா, சட்டப்படி பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லியாக வேண்டும். ‘கை வைக்கவில்லை’ என்று எழுத வேண்டுமானால் யாருக்கெல்லாம் கை வைக்க வழி இருந்தது என்று பார்க்காமல் எழுத முடியாது. பட்டயக் கணக்காளர்களின் அமைப்பான ஐசிஏஐ இதற்காக வெளியிட்ட வழிகாட்டியும் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற மூன்றையும் பேசுகிறது. அட்மின் அனுமதி யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்கிறது. கணக்குப் புத்தகப் பிரிவான 128-ஐ மீறினால் பொறுப்பான நிர்வாக இயக்குநர், நிதி அதிகாரி போன்றோருக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

எந்தப் பதிப்பு

டேலி இரண்டு பதிப்புகளாகக் கிடைக்கிறது. சாதாரண டேலிபிரைமில் எடிட் லாக்கைக் கம்பெனிவாரியாகப் போடலாம், நிறுத்தலாம். ‘டேலிபிரைம் எடிட் லாக்’ என்று தனிப் பெயரில் வரும் பதிப்பில் அது எப்போதும் ஓடும், நிறுத்தும் வழி இல்லை. உரிமம் அதேதான், தரவிறக்கம் மட்டும் வேறு. கம்பெனிச் சட்டத்துக்குள் வரும் நிறுவனத்துக்கு இரண்டாவது பதிப்புதான், இதில் யோசிக்க எதுவும் இல்லை. எல்லாக் கணினியிலும் அந்த ஒரே பதிப்பு இருக்கட்டும். ஒரு கணினியில் சாதாரணப் பதிப்பும் மற்றவற்றில் எடிட் லாக் பதிப்பும் என்று கலந்து வைத்தால் ஆண்டு முழுவதும் லாக் இயங்கியது என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

பார்ட்னர்ஷிப், தனிநபர் கடைகளுக்கு இது கட்டாயம் இல்லை. ஆனாலும் கணக்கில் இரண்டு பேருக்கு மேல் கை வைக்கும் இடம் என்றால் சாதாரணப் பதிப்பிலேயே லாக்கைப் போட்டு வைப்பது நல்லது. டேட்டாவின் அளவு கொஞ்சம் கூடும், அதைத் தவிர இழப்பு பெரிதாக இல்லை.

லாக் என்ன காட்டுகிறது, என்ன காட்டாது

வவுச்சர் போட்டது, திருத்தியது, அழித்தது மூன்றும் பதிவாகும். ஒவ்வொரு திருத்தமும் ஒரு பதிப்பாக நிற்கும். ஒன்றோடொன்று ஒப்பிட்டு எது மாறியது என்று பார்க்கலாம். அழித்த வவுச்சரின் தடமும் இருக்கும். இது பெரிய விஷயம், ஏனென்றால் பழைய முறையில் அழித்த வவுச்சர் எண் வரிசையில் ஒரு ஓட்டையாக மட்டும் தெரியும். லெட்ஜர், ஸ்டாக் ஐட்டம் போன்ற மாஸ்டர்களிலும் (அடிப்படை விவரப் பதிவுகளிலும்) மாற்றம் பதிவாகும். சப்ளையர் லெட்ஜரின் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ திருத்தப்படுவதுதான் பல நேரம் பிரச்சினையின் முதல் அறிகுறி என்பதால், வவுச்சரைவிட மாஸ்டர் லாக்கை அடிக்கடி பார்ப்பது பலன் தரும்.

பார்வையிட்டது, அச்செடுத்தது, எக்செலுக்கு ஏற்றுமதி செய்தது இவை எடிட் லாக்கில் வராது. வாடிக்கையாளர் பட்டியலும் விலைப் பட்டியலும் வெளியே போயிற்றா என்ற கேள்விக்கு இந்த லாக் பதில் தராது. அந்த இடத்தில் தடுப்பது ஒன்றுதான் வழி. அதை ரோலில் செய்ய வேண்டும்.

யூசர் அமைப்பு இல்லாத லாக்

டேலியில் ‘கன்ட்ரோல் யூசர் ஆக்சஸ் டு கம்பெனி டேட்டா’ என்ற ஒரு வரி இருக்கிறது. கம்பெனியை உருவாக்கும்போதோ ஆல்ட்+கே அழுத்தி ஆல்டர் போயோ அதை ‘எஸ்’ ஆக்க வேண்டும். இதை விட்டுவிட்டு எடிட் லாக்கை மட்டும் ஓட விட்டால் எல்லா மாற்றமும் பதிவாகும், ஆனால் ஆளைப் பெயரால் பிரிக்க வழியே இருக்காது. பின்னால் ஞாபகம் வந்து யூசர்களை உருவாக்கினாலும் பழைய பதிவுகளுக்குப் பெயர் முளைக்காது. ஆகவே முதல் வவுச்சர் போடும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். நடுவில் தொடங்குவதானால் ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டாம். இன்றே தொடங்கி, எந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்று எழுதி இயக்குநர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரியை ‘எஸ்’ ஆக்கியதும் முதல் பயனராக அட்மின் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இதை அக்கவுண்டன்ட் கையில் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அட்மினுக்கு எல்லாம் திறந்திருக்கும்: ரோலை மாற்றலாம், மற்றவர் பாஸ்வேர்டை மாற்றலாம், அவர் பெயரில் நுழையலாம். தினமும் வவுச்சர் போடும் கையில் இந்த அதிகாரம் இருந்தால் லாக்கில் வரும் எந்தப் பெயரையும் நம்ப முடியாது. அட்மின் இயக்குநரிடம் இருக்கட்டும். அவர் கணினி தெரியாதவராக இருந்தாலும் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டு, பீரோவில் வைக்கலாம். தேவைப்படும் நாளில் உறையைக் கிழித்து, வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிப் புது உறை போட வேண்டும். அக்கவுண்டன்ட் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அவருக்குத் தனிப் பெயர், தனி ரோல். இது அவரைச் சந்தேகிப்பதாகாது. தவறு நடக்கும் நாளில் அவர் பெயரைக் காப்பாற்றப் போவது இந்தப் பிரிவுதான்.

சில்வர் உரிமம் தரும் சிக்கல்

சில்வர் உரிமம் ஒரு கணினிக்கு, கோல்டு ஒரே நெட்வொர்க்கில் எத்தனை கணினிக்கும். விலை வித்தியாசம் பெரியது என்பதால் மூன்று பேர் கணக்கு எழுதும் இடத்திலும் சில்வரே வாங்குகிறார்கள். காலையில் ஒருவர் திறந்து வைப்பார். மதியம் இன்னொருவர் அதே திரையில் பில் போடுவார். மாலையில் மூன்றாமவர் பேங்க் என்ட்ரி போடுவார். நாள் முழுவதும் லாக்கில் ஒரே பெயர். பயனர் மூன்று பேரும் முறையாக உருவாக்கப்பட்டிருப்பார்கள், பாஸ்வேர்டுக் கொள்கையும் இருக்கும், எல்லாம் வீண். கண்ட்ரோல்+எஃப்3 அழுத்திக் கம்பெனியை மூடி, மீண்டும் திறந்து தன் பெயரில் நுழைய ஆகும் நேரம் அரை நிமிடம்கூட இல்லை. நாற்காலி மாறும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும் என்ற ஒரே ஒரு அலுவலகப் பழக்கம் சில்வரை ஓரளவு காப்பாற்றும். மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டிய அலுவலகம் என்றால் கோல்டு வாங்குவதே சரி. அந்தக் கூடுதல் செலவை ‘வேகத்துக்காக’ என்று பார்க்காமல், பெயர் பிரிந்து விழுவதற்காக என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும்.

எழுந்து போகும்போது திரையைப் பூட்டுவதும் இதோடு சேர்ந்தது. விண்டோஸ் கீயும் எல் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் போதும். மறப்பவர்களுக்காக ஐந்து நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும்படி விண்டோஸில் வைத்துவிடலாம்.

ரோல் அமைப்பது

ஆல்ட்+கே பட்டியலில் யூசர் ரோல்ஸ் முதலில், அதன்பிறகு யூசர்ஸ் அண்ட் பாஸ்வேர்ட்ஸ். முதலில் ரோலை முடிக்காமல் பயனரை உருவாக்கினால் கையில் கிடைக்கும் டேட்டா என்ட்ரி ரோலைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவோம். அந்த ரோலை அப்படியே எடுக்காமல், அதை அடிப்படையாக வைத்துப் புது ரோல் உருவாக்குங்கள். போடுவது, திருத்துவது, பார்ப்பது, அச்செடுப்பது என்று அனுமதி வகைகள் தனித்தனியே இருக்கின்றன. பில் போடுபவருக்குப் போடவும் அச்செடுக்கவும் அனுமதி போதும், திருத்தும் அனுமதி வேண்டாம். தவறாகப் போட்ட பில்லை அவர் மேலாளரிடம் கொண்டு போகட்டும். அப்போது லாக்கில் ‘போட்டவர்’ ஒருவர், ‘திருத்தியவர்’ இன்னொருவர் என்று இரண்டு பெயர் விழும். ஒரே ஆள் போட்டு அவரே திருத்திய வவுச்சர்களால் நிரம்பிய லாக்கில் கோளாறைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான். திருத்தும் அனுமதி இரண்டு மூன்று பேரிடம் மட்டும் இருந்தால் லாக் சுருங்கும். சுருங்கிய லாக்கைத்தான் யாராவது படிப்பார்கள்.

அமைத்த பிறகு சோதிக்காமல் விடாதீர்கள். ஒரு மாதிரிக் கம்பெனி உருவாக்கி அதே ரோலைக் கொடுத்து, அந்தப் பயனராக நுழைந்து ஒரு வவுச்சர் போடுங்கள், திருத்திப் பாருங்கள், அழித்துப் பாருங்கள், லெட்ஜர் பெயரை மாற்றிப் பாருங்கள், பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து பாருங்கள். ஐந்தில் எது நடந்தது, எது தடுக்கப்பட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள். சோதனையை உரிமம் உள்ள டேலியில் செய்ய வேண்டும். உரிமம் இல்லாத பயிற்சி நிலையான எஜுகேஷனல் மோடில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட முடியும் என்பதால், தேதி சம்பந்தப்பட்ட கட்டுப்பாட்டை அதில் சரியாகச் சோதிக்க முடியாது.

தேதிக் கட்டுப்பாடுதான் ரோலில் அதிகம் பயன்படும் பகுதி; ஆனால் அதிகம் காலியாக விடப்படுவதும் அதுவே. கடந்துபோன தேதியிட்டுப் போடும் வவுச்சருக்கு எத்தனை நாள் அனுமதி என்றும், எந்தத் தேதிக்கு முந்தையதைத் தொடக்கூடாது என்றும் ரோலிலேயே குறிப்பிடலாம். பில் போடுபவருக்கு 1 நாள், அக்கவுண்டன்ட்டுக்கு 7 நாள் என்று தொடங்கலாம். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் நிறுவனத்தில் விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 மறு மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும் சுருக்க ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதிக்குள்ளும் போகும். 3பி போன கையோடு முந்தைய மாதக் கடைசி நாளை வெட்டுத் தேதியாக வைத்துவிட்டால், தாக்கல் செய்த கணக்கை யாரும் சத்தமில்லாமல் மாற்ற முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் உறையைக் கிழிக்க வேண்டும், கிழித்ததற்குக் காரணம் எழுத வேண்டும்.

பெயரும் பாஸ்வேர்டும்

‘கேஷ்1’, ‘பில்லிங்’, ‘ஆபீஸ்’ என்று பயனர் பெயர் வைக்காதீர்கள். அவை நாற்காலியின் பெயர்கள். ஆளின் பெயரும் ஊழியர் எண்ணும் சேர்ந்து இருக்கட்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரைத் திருத்திப் புதியவருக்குக் கொடுப்பது பெரிய தவறு. போனவர் செய்ததும் வந்தவர் செய்ததும் கலந்துவிடும். பழைய பயனரின் பாஸ்வேர்டை அட்மின் மாற்றிப் பூட்டிவிட்டு, புதியவருக்குப் புதுப் பெயர் உருவாக்க வேண்டும். இது கடைசி வேலை நாள் மாலையே நடக்க வேண்டும், சம்பளக் கணக்கு முடிந்த பிறகு அல்ல.

பாஸ்வேர்டு பாலிசியில் நீளம், காலாவதி நாள் போன்றவற்றை வைக்கலாம். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பயனரை உருவாக்கும்போது முதல் பாஸ்வேர்டை அட்மின்தான் தட்டச்சு செய்கிறார். அதை ஊழியர் தானே மாற்றிக்கொள்ளாதவரை அந்தப் பெயரில் நுழைய இரண்டு பேரால் முடியும். பிரச்சினை வரும் நாளில் ‘என் பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும்’ என்ற ஒரு வாக்கியம் போதும், லாக் செல்லாக்காசாகிவிடும். முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்து மாற்றச் சொல்லி, மாற்றிவிட்டேன் என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். கல்லாப் பெட்டிச் சாவியை யாரும் ஆணியில் தொங்கவிடுவதில்லை. மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிய பாஸ்வேர்டுச் சீட்டு அதற்குச் சமம்தான்.

யார் கையும் படாமல் வரும் பதிவுகள்

டேலிபிரைம் 4.0 முதல் எக்செலிலிருந்து நேராக இறக்குமதி செய்யலாம். 600 வவுச்சர் ஒரே நிமிடத்தில் உள்ளே வரும். எல்லாம் இறக்குமதி செய்தவர் பெயரில் நிற்கும். எக்செலைத் தயாரித்தவர் யார் என்பது லாக்குக்குத் தெரியாது. எனவே இறக்குமதி அனுமதி ஒருவருக்கு மட்டும் இருக்க வேண்டும், ஒவ்வொரு எக்செல் கோப்பும் தேதியோடு தனி ஃபோல்டரில் மாறாமல் இருக்க வேண்டும். தயாரித்தவர் பெயரை வவுச்சரின் நரேஷனில் (குறிப்பு வரியில்) சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

வெளி மென்பொருள்கள் சேர்ந்தால் இதே கதை இன்னும் சிக்கலாகும். ஆன்லைன் விற்பனை, பில்லிங் ஆப் போன்றவை டேலியோடு பேசுவது வழக்கமாக 9000 என்ற போர்ட் (கணினியின் நெட்வொர்க் வாசல்) வழியே. எந்தக் கணினியில் டேலி திறந்திருக்கிறதோ, அதில் அப்போது உள்நுழைந்திருப்பவர் கையால் நடந்ததாகவே அந்தப் பதிவுகள் நிற்கும். கேஷியரின் கணினியில் இந்த இணைப்பை ஓட விட்டால், அவர் சாப்பிடப் போன நேரத்தில் விழுந்த வவுச்சரும் அவர் தலையில். இணைப்புக்கென்று ஒரு கணினி, அதற்கென்று தனிப் பயனர் பெயர், அந்தப் பெயரில் மனிதர் யாரும் நுழையக்கூடாது. நெட்வொர்க்கில் மற்ற கணினிகள் அந்த 9000-ஐத் தொடாதபடி விண்டோஸ் ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள்.

தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக ஆடிட்டர் அலுவலகத்தார் வந்து திருத்தம் செய்வதும் இதே வகைதான். திறந்திருப்பது அக்கவுண்டன்ட்டின் டேலி, எழுதுவது வெளியாள். ஆடிட்டர் தரப்புக்குத் தனிப் பயனர் கொடுத்து, அவர்கள் அந்தப் பெயரில் நுழைந்து எழுத வேண்டும். பார்க்க மட்டும் வருபவருக்குப் பார்க்கும் அனுமதி போதும்.

டேலிக்கு வெளியே இருக்கும் பெரிய ஓட்டை

மேலே சொன்ன எல்லாம் டேலியின் கதவு வழியாக வருபவர்களுக்கு. டேட்டா ஃபோல்டருக்கு இன்னொரு கதவு இருக்கிறது, அது விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்.

கோல்டு உரிமத்தில் சாதாரணமாக ஒரு கணினியில் டேட்டாவை வைத்து, அந்த ஃபோல்டரை மற்றவர்களுக்கு ஷேர் செய்கிறார்கள். டேலி அதில் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்பதால் ஒவ்வொருவருக்கும் எழுதும் அனுமதி தேவைப்படுகிறது. அவசரத்தில் ‘எவ்ரிஒன்’ என்று போட்டு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிடுவார்கள். இனி அந்த நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் எண்ணால் பெயரிட்ட கம்பெனி ஃபோல்டரை நகலெடுக்கலாம், அழிக்கலாம், பழைய நகலை அதன் மேல் வைக்கலாம். எடிட் லாக் கம்பெனியின் டேட்டாவுக்குள்ளேயே இருக்கிறது. நேற்றைய பேக்கப்பை இன்று மீட்டால் இன்றைய வவுச்சர்களோடு இன்றைய லாக்கும் சேர்ந்து போய்விடும். லாக்கை நிறுத்த முடியாத பதிப்பிலும் இதுதான் நிலை. லாக் நிறுத்தப்படவில்லை, பின்னோக்கி ஓட்டப்பட்டிருக்கிறது.

இதை முழுவதுமாக அடைக்க, பயனர்கள் டேட்டா ஃபோல்டரையே தொடாத அமைப்புக்குப் போக வேண்டும். எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரே சர்வருக்குள் நுழைந்து, எக்ஸ்ப்ளோரர் இல்லாமல் டேலி மட்டும் திறக்கும்படி வைப்பது ஒரு வழி. டேலிபிரைம் சர்வர் என்ற தனித் தயாரிப்பு இன்னொரு வழி. அதில் டேட்டா சர்வர் வழியாகவே போகும், பயனருக்கு ஃபோல்டர் அனுமதி தேவையில்லை. ஆனால் ஐந்து பேர் அலுவலகத்துக்கு அதன் விலை தாங்காது.

இரண்டும் முடியாதவர்கள் குறைந்தது இவ்வளவாவது செய்யுங்கள். ‘எவ்ரிஒன்’ அனுமதியை எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் டேட்டா கணினியில் தனி விண்டோஸ் கணக்கு கொடுத்து, ஃபுல் கன்ட்ரோலுக்குப் பதில் மாடிஃபை அனுமதி மட்டும் தாருங்கள். அந்தக் கணினியில் விண்டோஸ் ப்ரோ இருக்கட்டும். கோப்புகளை யார் தொட்டார் என்று விண்டோஸ் பதியும் ஆப்ஜெக்ட் ஆக்சஸ் ஆடிட்டைப் போட்டு, கம்பெனி ஃபோல்டருக்கு ‘டெலிட்’ மட்டும் கண்காணிக்கச் சொல்லுங்கள். எழுதுவதையும் கண்காணித்தால் டேலியே நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பதால் லாக் நிரம்பி வழியும். யாராவது ஃபோல்டரை நீக்கினாலோ பெயர் மாற்றினாலோ 4663 என்ற எண்ணில் விண்டோஸ் கணக்கின் பெயரோடு பதிவு விழும். கோப்பின் மேல் கோப்பை எழுதினால் இதில் சிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸின் செக்யூரிட்டி லாக் இயல்பாக 20 எம்பி அளவில்தான் இருக்கும். நிரம்பியதும் பழையதை அழித்து மேலே எழுதும். அதை 1 ஜிபி ஆக்கிவிடுங்கள். அந்த லாக்கை யாராவது துடைத்தாலும் 1102 என்ற பதிவு மிஞ்சும்.

கோப்பின் மேல் கோப்பு வைப்பதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு உதவும். டேலியின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அறிக்கை எந்த வகை வவுச்சர் எத்தனை என்று காட்டும். தினமும் மாலை அதை அச்செடுத்து அல்லது பிடிஎஃப் ஆக்கி, கணக்கு எழுதாத ஒருவருக்கு அனுப்புங்கள். நேற்று பேமென்ட் 1,214 இருந்து இன்று 1,209 என்றால் ஐந்து வவுச்சருக்கு எடிட் லாக்கில் அழித்த பதிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் டேட்டா பின்னோக்கிப் போயிருக்கிறது. இரவு பேக்கப்பும் பயனர்கள் தொட முடியாத இடத்துக்குப் போக வேண்டும். அதே ஷேரில் ‘பேக்கப்’ என்ற ஃபோல்டரில் வைப்பதில் அர்த்தமே இல்லை. பேக்கப், ரெஸ்டோர், ரிப்பேர், ஸ்பிளிட் எல்லாம் ஆல்ட்+ஒய் பட்டியலில் வரிசையாக இருக்கின்றன. இவற்றில் ஏதாவது செய்ய வேண்டி வந்தால் யார், எப்போது, ஏன் என்று காகித நோட்டில் எழுதி வையுங்கள்.

கணினியின் கடிகாரமும் இதில் சேரும். லாக்கில் உள்ள நேரத்தை வைத்து ஒருவரைக் கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்றால் அந்த நேரம் சரியாக இருக்க வேண்டும். எல்லாக் கணினியும் இணைய நேரத்தோடு தானே ஒத்துப்போகட்டும். ஊழியர்களின் விண்டோஸ் கணக்கு சாதாரணக் கணக்காக இருந்தால் நேரத்தை மாற்ற விடாது. மாற்றினால் விண்டோஸில் 4616 என்று பதிவாகும்.

வேறு என்ன இருக்கிறது

இணையவழிக் கணக்கு மென்பொருளான ஜோஹோ புக்ஸில் டேட்டா ஃபோல்டர் என்ற பிரச்சினையே கிடையாது. எல்லாம் அவர்கள் சர்வரில்; ஒவ்வொருவரும் தம் மின்னஞ்சலால் நுழைகிறார்கள்; ஆக்டிவிட்டி லாக்கும் ஆடிட் டிரெயிலும் உள்ளேயே வருகின்றன. பழைய பேக்கப்பை மேலே வைத்து லாக்கைப் பின்னோக்கி ஓட்டுவது ஊழியரால் முடியாது. ஆனால் திட்டத்துக்குத் திட்டம் பயனர் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், செலவை மிச்சம் பிடிக்க ஒரே மின்னஞ்சலை மூன்று பேர் பயன்படுத்தத் தொடங்கினால் சில்வர் உரிமத்தின் கதைதான். இணையம் விட்டு விட்டு வரும் இடங்களிலும், டேலியின் விசைப்பலகை வேகத்துக்குப் பழகிய கைகளுக்கும் டேலிதான் இன்னும் ஒத்துவருகிறது.

மதிப்பெண் என்று கேட்டால், லாக்கின் வேலைக்கு ஐந்துக்கு நான்கு. ரோல் அமைப்புக்கு மூன்று. வசதிகள் இருக்கின்றன, ஆனால் பட்டியல் நீளமானது, எது எதைத் தடுக்கிறது என்பது சோதித்துப் பார்த்தால்தான் விளங்குகிறது. ஃபோல்டர் ஷேர் முறைக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. ஒரே அறையில் மூன்று நான்கு பேர், இயக்குநர் தினமும் பக்கத்தில் இருக்கும் கம்பெனிக்கு, மேலே சொன்ன ஏற்பாடுகளோடு தாராளமாகப் பரிந்துரைக்கலாம். கிளைகள் இருக்கிற, இயக்குநர் வேறு ஊரில் இருக்கிற கம்பெனி ஷேர் ஃபோல்டரில் டேலியை ஓட்டக்கூடாது.

கணக்கையும் லாக்கையும் எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். மார்ச் 31 கணக்கு முடிந்ததும் எடுத்த பேக்கப்பை இரண்டு தனி டிஸ்க்குகளில் வைப்பவர்கள்கூட ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஆறு வருடம் கழித்து அதை மீட்டால், டேலி கேட்கப் போவது அந்த நாளில் இருந்த பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும்தான். டேட்டாவை பாஸ்வேர்டால் பூட்டி மறைக்கும் டேலிவால்ட் போட்டிருந்தால் அதன் பாஸ்வேர்டும் வேண்டும், அது தொலைந்தால் மீட்க வழியில்லை. ஆகவே டிஸ்க்கோடு சேர்த்து ஒட்டிய உறை ஒன்று: அன்றைய அட்மின் பாஸ்வேர்டு, டேலிவால்ட் பாஸ்வேர்டு, டேலியின் ரிலீஸ் எண், அந்த ஆண்டில் எந்தப் பயனர் பெயர் எந்த ஊழியருடையது, அவர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அந்தப் பெயரில் இருந்தார் என்ற ஒரு பக்கப் பட்டியல்.